வாடகை மின்-ஸ்கூட்டர்: முதல் வண்டி இறங்கும் முன்பே நகரம் முடிவு செய்ய வேண்டியவை

கேள்வி இதுதான்: செயலியில் திறந்து, நின்றபடி ஓட்டி, போன இடத்திலேயே விட்டுவிட்டு நடந்துபோகும் வாடகை மின்-ஸ்கூட்டர்கள் ஒரு நகரத்துக்கு வரப்போகின்றன. அனுமதிப்பதா, தடுப்பதா? அனுமதித்தால் எந்த விதிகள் உண்மையிலேயே வேலை செய்யும்?

சுருக்கமான பதில்: அனுமதிக்கலாம். ஆனால் வண்டிகளின் எண்ணிக்கை, நிறுத்தும் இடம், தரவு ஆகிய மூன்றும் நகரத்தின் கையில் இருக்க வேண்டும், அதுவும் முதல் வண்டி தெருவுக்கு வரும் முன்பே. வேகம், தலைக்கவசம், வயது ஆகியவற்றைப் பற்றித்தான் மன்றக் கூட்டங்களில் அதிகம் பேசுவார்கள். அவை முக்கியம்தான். ஆனாலும் ஒரு நகரத்தில் இந்தச் சேவை நிலைப்பதா, மக்கள் வெறுப்பில் முடிவதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வண்டி ஓடாமல் நிற்கும் நேரம்தான். ஒரு வாடகை ஸ்கூட்டர் ஒரு நாளில் ஓடுவது அரை மணி, முக்கால் மணி. மீதி இருபத்து மூன்று மணி நேரமும் அது நடைபாதையில் நிற்கும் ஒரு பொருள்.

முதலில் சட்ட ஓட்டையை அடைக்க வேண்டும்

2017 செப்டம்பரில் பேர்ட் நிறுவனம் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் வண்டிகளை இறக்கியது. உரிமம் இல்லை என்று நகரம் குற்ற வழக்குப் போட்டது. 2018 பிப்ரவரியில் நிறுவனம் 3 லட்சம் டாலருக்கு மேல் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. அடுத்த மாதமே சான் பிரான்சிஸ்கோவில் பேர்ட், லைம், ஸ்பின் ஆகிய மூன்றும் கேட்காமலேயே வந்து இறங்கின. நகரம் அவசரமாகச் சட்டம் இயற்றி, 2018 ஜூன் 4-க்குள் எல்லா வண்டிகளையும் அகற்றச் சொல்லியது. ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது ஸ்கூட், ஸ்கிப் என்ற வேறு இரண்டு நிறுவனங்களுக்கு. ஆளுக்கு முதலில் 625 வண்டி.

இந்த நிறுவனங்கள் அப்போது நுழைந்தது ஒரு சட்ட ஓட்டை வழியாக. வண்டி நிறுத்தும் விதிகள் கார், பைக் போன்றவற்றுக்கு எழுதப்பட்டவை. ஆக்கிரமிப்பு விதிகள் கடை, தள்ளுவண்டி ஆகியவற்றுக்கு. ஆளில்லாமல் நடைபாதையில் நின்றுகொண்டு தானே வாடகைக்குப் போகும் பொருள் இரண்டிலும் அடங்காது. ஆகவே முதல் வேலை, ஒரே பக்கத்தில் அடங்கும் ஒரு துணைவிதி, அதாவது நகர மன்றம் தானே இயற்றும் விதி. அதில் 'மின்-ஸ்கூட்டர்' என்ற பெயரே வர வேண்டாம். 'பொது இடத்தில் ஆளில்லாமல் நிறுத்தி வைத்து வாடகைக்கு விடப்படும் எந்த வாகனமும் நகரத்தின் முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். பெறாதவை முன்னறிவிப்பின்றி அகற்றப்படும். அகற்றும் செலவும் நாள்வாடகையும் உரிமையாளரைச் சேரும்' என்று எழுதினால் போதும். பெயரைப் போட்டு எழுதினால் அடுத்த ஆண்டு இருக்கை வைத்த வண்டி வரும்போது இன்னொரு துணைவிதி எழுத வேண்டிவரும்.

இரண்டாவது, நாட்டுச் சட்டத்தில் இந்த வண்டி என்ன வகை என்று பார்க்க வேண்டும். இது நகரத்தின் அதிகாரத்துக்கு வெளியே உள்ள விஷயம். ஜெர்மனி 2019 ஜூன் 15-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது: 20 கிலோமீட்டர் வேக வரம்பு, 14 வயது, பின்னால் காப்பீட்டு ஒட்டுத்தகடு கட்டாயம், நடைபாதையில் ஓட்டக் கூடாது. பிரான்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் 25 கிலோமீட்டர் என்று வைத்தது. 12 ஆக இருந்த வயது வரம்பை 2023-ல் 14 ஆக்கியது. பிரிட்டன் 2020 ஜூலையில் இருந்து அரசு ஒப்புதல் பெற்ற சோதனைத் திட்டங்களின் வாடகை வண்டிகளை மட்டும் சாலையில் விட்டது; ஓட்டுநர் உரிமம் கட்டாயம். சிங்கப்பூர் 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் ஓட்டுவதையே தடை செய்தது.

உங்கள் நாட்டுச் சட்டத்தில் இப்படி ஒரு வகையே இல்லையென்றால், பதிவு இல்லாத மோட்டார் வாகனம் என்று அது கருதப்பட வாய்ப்பு உண்டு. அப்போது விபத்தில் அடிபட்ட பாதசாரிக்குக் காப்பீடு கிடைக்காமல் போகலாம். ஓட்டியவர் சொந்தக் கையில் இருந்து கொடுக்க வேண்டிவரலாம். இதைத் தீர்க்காமல் நகரம் அனுமதி தரவே கூடாது. நிறுவனங்கள் 'எங்களிடம் காப்பீடு உண்டு' என்று சொல்லும். ஆவணத்தை வாங்கிப் படியுங்கள். அது பெரும்பாலும் நிறுவனத்தின் பொறுப்பை மட்டும் காக்கும் காப்பீடாக, அதாவது வண்டியில் கோளாறு இருந்தால் மட்டும் பணம் தருவதாக இருக்கும். ஓட்டியவர் கவனக்குறைவால் மூன்றாம் நபருக்கு ஏற்பட்ட காயத்தையும் சேர்த்துக் காக்கும் காப்பீட்டை அனுமதி நிபந்தனையாக்க வேண்டும்.

எத்தனை நிறுவனம், எத்தனை வண்டி

2019-ல் பாரிஸில் ஒரு டஜன் நிறுவனங்கள், ஏறக்குறைய 20,000 வண்டிகள். அடுத்த ஆண்டு டெண்டர் விட்டு மூன்று நிறுவனம், ஆளுக்கு 5,000 என்று குறைத்தார்கள். ஓஸ்லோ 2021-ல் மொத்தமே 8,000 என்று வரம்பு கட்டியது. இரண்டு நகரங்களும் வெள்ளம் வந்த பிறகு அணை கட்டின.

இரண்டு நிறுவனம் என்பதே என் பரிந்துரை. பெரிய நகரமானால் மூன்று. ஒன்று மட்டும் இருந்தால், அது போய்விடுவேன் என்று மிரட்டும்போது நகரத்துக்கு வேறு வழி இருக்காது. நான்கைந்து இருந்தால் ஒவ்வொன்றும் பயணிகளைப் பிடிக்க மையப் பகுதியிலேயே வண்டிகளைக் குவிக்கும். அனுமதிக் காலம் இரண்டு அல்லது மூன்று ஆண்டு. ஒரே ஆண்டுக்கு அனுமதி தந்தால் நல்ல கிடங்கோ நல்ல வண்டியோ போட எவரும் முதலீடு செய்யமாட்டார்கள்.

வண்டி எண்ணிக்கையை ஒரே எண்ணாகப் பூட்டிவைக்காமல், பயன்பாட்டோடு கட்டிவிட வேண்டும். அளவுகோல்: ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு எத்தனை பயணம். முப்பது நாள் சராசரி மூன்றுக்கு மேல் இருந்து, நிறுத்தும் புகார்களும் வரம்புக்குள் இருந்தால் பத்து சதவீதம் கூட்டலாம். ஒன்றரைக்குக் கீழே போனால் பத்து சதவீதம் குறைக்க வேண்டும். இடையில் இருந்தால் அப்படியே விடலாம். மழை, பனிக் காலத்துக்குத் தனி வரம்பு வைக்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கணக்கின் கீழே வரும் எண்ணை, அதாவது வண்டிகளை, யார் எண்ணுவது? ஒரு நாளில் 1,800 பயணம் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் 'வாடகைக்குத் தயாராக இருந்த வண்டி 600, ஆகவே வண்டிக்கு மூன்று பயணம்' என்று அறிக்கை தரும். தெருவில் உண்மையில் 900 வண்டி கிடக்கும். மீதி 300 சார்ஜ் தீர்ந்தவை, பழுதானவை. 900-ஆல் வகுத்தால் இரண்டுதான். பாதசாரியைப் பொறுத்தவரை தயாரான வண்டியும் செத்த வண்டியும் ஒரே இடத்தைத்தான் அடைக்கின்றன. ஆகவே 'பொது இடத்தில் இருக்கும் எல்லா வண்டியும், எந்த நிலையில் இருந்தாலும்' என்று ஒப்பந்தத்தில் வரையறுங்கள். பேட்டரி தீர்ந்த வண்டி 24 மணி நேரத்துக்கு மேல் தெருவில் இருக்கக் கூடாது என்றும் சேர்த்துவிடுங்கள்.

நிறுத்தும் இடம்

இதில்தான் அதிக நேரமும் பணமும் செலவிட வேண்டும்.

எங்கும் விடலாம் என்ற முறை மையப் பகுதிக்கு ஒத்துவராது. அங்கே கோடு போட்ட நிறுத்துமிடத்தில் மட்டும்தான் பயணத்தை முடிக்க முடியும் என்று வைக்க வேண்டும். ஆனால் அந்த விதியை அறிவிக்கும் முன் நிறுத்துமிடங்கள் தரையில் இருக்க வேண்டும். நூற்று ஐம்பது மீட்டருக்கு ஒன்று இருந்தால் பெரும்பாலோர் எழுபது, எண்பது மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியதில்லை. முந்நூறு மீட்டருக்கு ஒன்று என்றால் பயணி தேடிச் சலித்து, ஏதோ ஒரு சுவரோரம் சாய்த்துவிட்டுப் போவார்.

கணக்கு எளிது. வண்டியின் நீளம் சுமார் 1.2 மீட்டர், கைப்பிடி அகலம் அரை மீட்டர். ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரு கார் நிறுத்துமிடத்தில் எட்டிலிருந்து பத்து வண்டி நிற்கும். 1,000 வண்டிக்கு 1,000 இடம் போதாது. காலையில் எல்லாம் அலுவலகப் பகுதியிலும் மாலையில் எல்லாம் குடியிருப்பிலும் குவியும். ஒன்றரை மடங்கு, அதாவது 1,500 இடம் வேண்டும். எட்டு வண்டி வீதம் 190 நிறுத்துமிடம். நூற்று ஐம்பது மீட்டர் இடைவெளியில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 44 வரும். ஆக 1,000 வண்டிக்கு இப்படி நிறுத்துமிடம் அமைத்தால் அது சுமார் 4.3 சதுர கிலோமீட்டர் மையப் பகுதிக்குச் சரியாக வரும். உங்கள் நகரத்தில் 60 இடம்தான் இந்த ஆண்டு அமைக்க முடியும் என்றால், மையப் பகுதியில் 320 வண்டிக்கு மேல் விடாதீர்கள். வண்டி வரம்பை மன்றத்தில் பேரம் பேசி முடிவு செய்வதைவிட இப்படித் தரையில் இருந்து மேலே கணக்கிடுவது நேர்மையான வழி.

எங்கே அமைப்பது? நடைபாதையின் மேல் வேண்டாம். சாலையோரக் கார் நிறுத்துமிடங்களில் இருந்து எடுங்கள். அதிலும் குறுக்குச் சாலைக்கும் பாதசாரிக் கோட்டுக்கும் முந்தைய ஐந்து மீட்டர் மிக நல்ல இடம். அங்கே கார் நின்றால் கடக்கும் குழந்தை ஓட்டுநர் கண்ணில் படாது. ஸ்கூட்டர் மெலிந்த வண்டி. அதன் மேலாகவும் இடையாகவும் பார்க்க முடியும். கார் திருட்டுத்தனமாக நிற்பதையும் அது தடுத்துவிடும். வண்ணக்கோடு மட்டும் போட்டால் கார் ஏறி நின்றுவிடும். இரண்டு முனையிலும் வளையும் கம்பம் அல்லது இரும்பு வளைவு நட வேண்டும்.

நடைபாதையில்தான் நிறுத்த வேண்டியிருக்கும் புறநகர்ப் பகுதிகளில், நடப்பதற்கு 1.8 மீட்டர் தடையற்ற அகலம் எஞ்ச வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கத் தேவையான அளவு அது. சரிவுப்பாதை, பேருந்து நிறுத்தம், தொட்டுணரும் தரை ஓடு, தீயணைப்புக் குழாய், கட்டட வாசல் ஆகிய ஐந்தும் எப்போதும் விலக்கு.

பார்வையற்றவருக்கு இந்த வண்டி ஏன் இவ்வளவு ஆபத்து என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வெள்ளைக் கோல் தரையை ஒட்டித் தடவிக்கொண்டு போகிறது. நிற்கும் ஸ்கூட்டரின் மெல்லிய சக்கரத்தை அது தவறவிடும். அடுத்த நொடி கைப்பிடி நெஞ்சிலோ வயிற்றிலோ இடிக்கும். விழுந்து கிடக்கும் ஸ்கூட்டரில் கால் மாட்டிக்கொள்ளும். நேற்று இல்லாத இடத்தில் இன்று இருப்பதால் பழகியும் பயனில்லை. ஆகவே ஒவ்வொரு வண்டியிலும் எண் பெரிதாகவும், தொட்டுப் படிக்கும்படி புடைப்பாகவும், தொலைபேசி எண்ணோடும் இருக்க வேண்டும். புகார் எண் நகரத்துக்கு ஒன்றே இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு ஒரு எண் என்று வைத்தால், வண்டியின் நிறத்தைப் பார்த்து எந்த நிறுவனம் என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். யாருக்காக இந்த விதியோ அவருக்கே அது முடியாது.

வண்டி ஏன் விழுகிறது என்றால், ஒற்றைப் பக்கத் தாங்குகால்தான் பாதிக் காரணம். சரிவான தரையிலும் பலத்த காற்றிலும் ஒரு வண்டி சாய்ந்தால் வரிசையே சாயும். இரட்டைக் கால் தாங்கி உள்ள மாடல் மட்டுமே அனுமதி என்று எழுதுங்கள். வண்டிக்குள் இருக்கும் சாய்வு உணரி அது விழுந்ததைத் தானே தெரிவிக்கும். 'தெரியவில்லை' என்று நிறுவனம் சொல்ல முடியாது. நேர வரம்பு: பாதையை மறிக்கும் வண்டி பகலில் ஒரு மணி நேரத்துக்குள், விழுந்து கிடப்பது இரண்டு மணி நேரத்துக்குள் சரிசெய்யப்பட வேண்டும். தாண்டினால் நகரமே எடுத்துப்போகும், செலவு நிறுவனத்துக்கு.

பயணம் முடிந்ததும் படம் எடுக்கச் சொல்வது பயனுள்ள பழக்கம், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. தரையையும் வானத்தையும் படம் எடுத்து அனுப்புவார்கள். படத்தைச் சரிபார்த்து, தவறாக விட்டவருக்கு முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம், மூன்றாவது முறை கணக்கு முடக்கம் என்று நடந்தால்தான் பழக்கம் மாறும். மாதத்துக்கு எத்தனை பேருக்கு அபராதம் போட்டீர்கள் என்று நிறுவனத்தைக் கேளுங்கள். பூஜ்யம் என்று பதில் வந்தால் படத்தை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஜிபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. திறந்த வெளியில் அதன் பிழை மூன்று முதல் ஐந்து மீட்டர். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்புவதால் பதினைந்து, இருபது மீட்டர்கூடத் தப்பிப் போகும். ஐந்து மீட்டர் பெட்டிக்குள் வண்டி இருக்கிறதா என்று அதைக் கொண்டு தீர்ப்பு சொல்ல முடியாது. அப்படிச் செய்தால், சரியாக நிறுத்தியவரைச் செயலி பயணத்தை முடிக்கவிடாமல் சுற்றவைத்துக் காசு பிடிக்கும். நிறுத்துமிடத்தைச் சுற்றி இருபது மீட்டருக்குச் செயலியின் வரைபடத்தில் போடும் டிஜிட்டல் எல்லை, அதற்குள் சரியான பெட்டியா என்பதைப் படத்தாலோ கம்பத்தில் பொருத்திய புளூடூத் கருவியாலோ உறுதி செய்வது என்று இரண்டையும் சேர்த்து வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

வேகமும் டிஜிட்டல் எல்லைகளும்

20-ஆ 25-ஆ என்ற விவாதத்துக்கு இயற்பியல் தெளிவாகப் பதில் தருகிறது. மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 25-ல் அது 20-ல் இருப்பதைவிட 56 சதவீதம் அதிகம். நல்ல பிரேக், உலர்ந்த சாலை, ஒரு நொடி எதிர்வினை நேரம் என்று கணக்கிட்டால் 20-ல் நிற்கச் சுமார் 10 மீட்டர், 25-ல் சுமார் 14 மீட்டர் ஆகும். இரண்டு கிலோமீட்டர் பயணத்தில் மிச்சமாவதோ ஒன்றேகால் நிமிடம். பாதசாரிகள் கலந்து நடக்கும் நகரத்தில் 20 போதும்.

புதியவர்களுக்குத் தனி வரம்பு வேண்டும். 2018-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் மூன்று மாதம் நடந்த பொதுச் சுகாதார ஆய்வில், காயமடைந்த 190 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தலையில் அடி. தலைக்கவசம் போட்டிருந்தவர் ஒரே ஒருவர். மூன்றில் ஒருவருக்கு அது முதல் பயணம். முதல் மூன்று, நான்கு பயணத்துக்கு 15 கிலோமீட்டர் என்று செயலியே பூட்டிவிடலாம். செலவில்லாத விதி இது. ஒரு ஸ்கூட்டரில் இரண்டு பேர் ஏறுவதைத் தொழில்நுட்பத்தால் முழுதாகத் தடுப்பது கடினம். அதற்குக் காவலர்தான் வேண்டும்.

இரவு நேரத்தில் மதுவும் சேர்ந்துவிடுகிறது. ஓஸ்லோ 2021 இலையுதிர் காலத்தில் இரவு 11 முதல் காலை 5 வரை வாடகையை நிறுத்தியது. ஹெல்சிங்கியில் அதே ஆண்டு வார இறுதி இரவுகளில் மட்டும் நிறுத்தி, மற்ற இரவுகளில் வேகத்தை 15-க்குக் குறைத்தார்கள். எனக்கு ஹெல்சிங்கி வழி சரியாகப் படுகிறது. இரவுப் பணி முடிந்து பேருந்து இல்லாமல் நிற்பவருக்கு இந்த வண்டி உதவும். அவரையும் சேர்த்துத் தண்டிக்க வேண்டியதில்லை.

வேகம் குறையும் பகுதி, ஓட்டக் கூடாத பகுதி என்று வரைபடத்தில் கோடு இழுப்பது அதிகாரிகளுக்குப் பிடித்த வேலை. அதில் அடக்கம் தேவை. 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஐந்தரை மீட்டர் போகிறது. இருப்பிடத்தைச் சர்வருக்கு அனுப்பி, பதில் வாங்கி, வேகத்தைக் குறைக்க ஐந்து நொடி ஆனால் வண்டி முப்பது மீட்டர் உள்ளே போயிருக்கும். ஆகவே எல்லை வரைபடம் வண்டிக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். இன்னொரு ஆபத்து: பூங்காவுக்குள் ஓட்டக் கூடாது என்று எல்லை போட்டால், பக்கத்துச் சாலையில் லாரிகளுக்கு நடுவே போகும் ஸ்கூட்டரை ஜிபிஎஸ் பிழை பூங்காவுக்குள் இருப்பதாக எண்ணி மோட்டாரை அணைத்துவிடும். எல்லைக் கோட்டைச் சாலையில் இருந்து இருபது மீட்டராவது உள்ளே தள்ளி வரையுங்கள். மோட்டார் விசை படிப்படியாகக் குறைய வேண்டும். மென்பொருள் பிரேக் போடவே கூடாது. 2019 பிப்ரவரியில் லைம் நிறுவனம் தன் வண்டிகளில் சிலவற்றில் ஓடும்போதே முன்சக்கரம் திடீரென்று இறுகும் மென்பொருள் கோளாறு இருந்ததை ஒப்புக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சிலும் பாசலிலும் அதற்கு முந்தைய மாதமே அதன் வண்டிகள் திரும்பப் பெறப்பட்டிருந்தன.

வண்டியும் பராமரிப்பும்

ஆரம்பத்தில் தெருவுக்கு வந்தவை தனிநபர் உபயோகத்துக்குச் செய்த மடக்கு வண்டிகள். அமெரிக்காவின் லூயிவில் நகரம் வெளியிட்ட 2018-ஆம் ஆண்டின் திறந்த தரவை வைத்துச் செய்த ஒரு கணக்கில், முதல் தொகுதி வண்டிகளின் சராசரி ஆயுள் ஒரு மாதம்கூட இல்லை. இப்போது வாடகைக்கென்றே செய்யும் வண்டிகள் பருமனானவை, மடங்காதவை, ஆண்டுக்கணக்கில் ஓடுபவை. இந்த வித்தியாசம் சுற்றுச்சூழல் கணக்கையே மாற்றுகிறது. 2019-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், இந்த வண்டிகளால் ஏற்படும் கார்பன் வெளியீட்டில் பாதி உற்பத்தியிலிருந்தும், நாற்பது சதவீதத்துக்கு மேல் இரவில் சார்ஜ் செய்வதற்காக வேனில் அள்ளிக்கொண்டு போய்வருவதிலிருந்தும் வந்தது. வண்டி ஓட எடுக்கும் மின்சாரம் அதில் மிகச் சிறு பங்கு. ஆகவே டெண்டரில் 'பசுமை' என்ற சொல்லுக்கு மதிப்பெண் தராதீர்கள். கழற்றி மாற்றும் பேட்டரியா, அதைச் சுமக்கும் வாகனம் மின்சாரத்தில் ஓடுகிறதா, சேவையிலிருந்து நீக்கிய வண்டிகளின் வரிசை எண் பட்டியல்படி உண்மையான ஆயுள் என்ன என்ற மூன்றுக்கு மதிப்பெண் தாருங்கள்.

குறைந்தபட்ச வண்டித் தகுதியாக நான் எழுதுபவை: பத்து அங்குலத்துக்குக் குறையாத சக்கரம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பிரேக், கைப்பிடியில் திருப்புக் குறி விளக்கு, எப்போதும் எரியும் முன், பின் விளக்குகள், ஐரோப்பியத் தரம் இஎன் 17128 அல்லது அதற்கு ஈடான சான்று, பேட்டரிக்குத் தனிச் சான்று. சக்கர அளவை அலட்சியம் செய்யாதீர்கள். எட்டு அங்குலச் சக்கரம் ஒரு சிறு குழியில் முழுதாக இறங்கி நின்றுவிடும். ஓட்டுபவர் நிற்கமாட்டார், கைப்பிடிக்கு மேலாகப் போய் விழுவார்.

பழுதாவது எங்கே? பிரேக் கம்பி நீண்டு தளர்வது, கைப்பிடித் தண்டின் அடி மூட்டு ஆடுவது, ஆக்ஸிலேட்டர் கட்டை ஒட்டிக்கொள்வது, தாங்குகால் வில் உடைவது. 2019 ஜூனில் ஷாவ்மி தன் எம்365 தனிநபர் ஸ்கூட்டர்களில் ஒரு பகுதியைத் திரும்ப அழைத்ததும் மடக்கும் மூட்டில் ஒரு திருகு தளர்ந்து தண்டு முறியக் கூடும் என்பதால்தான். நகரம் செய்ய வேண்டியது எளிய சோதனை: மாதம் ஒருமுறை தெருவில் குலுக்கல் முறையில் முப்பது வண்டி. முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருளக் கூடாது. கைப்பிடியை முன்னும் பின்னும் அசையுங்கள்; அடியில் 'டக்' என்ற ஓசை வந்தால் மூட்டு தளர்ந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்தி விட்டால் உடனே திரும்ப வேண்டும். ஒரு வண்டிக்கு இரண்டு நிமிடம் போதும். மூன்றுக்கு மேல் தோற்றால் அந்த நிறுவனத்தின் எல்லா வண்டியும் பரிசோதிக்கப்பட வேண்டும்.

பேட்டரிக் கிடங்கைத் தீயணைப்புத் துறை பார்க்காமல் அனுமதி கூடாது. அடிபட்ட, நனைந்த, வீங்கிய பேட்டரிகளைக் கட்டடத்துக்கு வெளியே உலோகப் பெட்டியில் தனியே வைக்க வேண்டும். சார்ஜ் ஏற்றும் அறைக்கு மேலே குடியிருப்பு இருக்கக் கூடாது.

தரவு

2018-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போக்குவரத்துத் துறை எம்டிஎஸ் என்ற தரவு வடிவத்தை உருவாக்கியது. வண்டி எங்கே இருக்கிறது, எப்போது வாடகைக்குப் போனது, எங்கே முடிந்தது என்பவற்றை எல்லா நிறுவனமும் ஒரே வடிவில் நகரத்துக்குத் தர அது வழி செய்கிறது. பொதுமக்களும் பயணச் செயலிகளும் பார்க்க ஜிபிஎஃப்எஸ் என்ற திறந்த வடிவம் இருக்கிறது. இரண்டையும் நிபந்தனையாக்குங்கள், ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எக்செல் கோப்பு அனுப்பினால் எதையும் ஒப்பிட முடியாது.

கூடவே வேண்டாததைக் கேட்காதீர்கள். பெயரே இல்லாவிட்டாலும், தினமும் காலை 8.40-க்கு ஒரே வாசலில் தொடங்கி ஒரே வாசலில் முடியும் பயணம் யாருடையது என்று அக்கம்பக்கத்தில் எவருக்கும் தெரியும். நிறுத்தும் புகார்களுக்கு வண்டியின் இருப்பிடம் போதும். திட்டமிடலுக்குத் தெரு அளவில் தொகுத்த எண்ணிக்கை போதும். முழுப் பயணத் தடத்தை வாங்கினால், எத்தனை நாளில் அழிக்கப்படும், யார் பார்க்கலாம், காவல்துறை கேட்டால் என்ன நடைமுறை என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

வரும் தரவை அப்படியே நம்பவும் கூடாது. மாதம் ஒரு நாள் இரண்டு ஊழியர்கள் ஒரு வட்டாரத்தில் நடந்து, கண்ணில் படும் ஸ்கூட்டர்களை எல்லாம் எண்ணோடு குறித்து, அதே மணி நேரத் தரவோடு ஒப்பிட வேண்டும். தெருவில் இருந்தும் தரவில் இல்லாத வண்டிகள்தான் வரம்பை மீறியவை.

பணமும் வெளியேற்றமும்

கட்டணத்தை மூன்றாகப் பிரிக்கலாம்: விண்ணப்பக் கட்டணம், வண்டிக்கு ஆண்டுக் கட்டணம், பயணத்துக்குச் சிறு தொகை. வண்டிக் கட்டணத்தில் நிறுத்துமிடம் அமைக்கும் செலவும் கள ஆய்வாளர் சம்பளமும் வந்துவிட வேண்டும். பொதுக் கணக்கில் கரைந்துபோகாமல் தனிக் கணக்கில் வையுங்கள். பயணக் கட்டணத்தை மிக உயர்த்தினால் நிறுவனம் அதைப் பயணியின் தலையில் கட்டும். புறநகரில் வண்டி வைப்பதற்குப் பயணக் கட்டண விலக்கு தருவது, வைத்தே ஆக வேண்டும் என்று உத்தரவிடுவதைவிட நன்றாக வேலை செய்யும்.

எல்லாவற்றிலும் மறக்கக் கூடாதது முன்வைப்புத் தொகை. 2023 டிசம்பரில் பேர்ட் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. அதே மாதம் சூப்பர்பெடஸ்ட்ரியன் என்ற இன்னொரு ஸ்கூட்டர் நிறுவனம் அமெரிக்காவில் சேவையை நிறுத்தியது. ஒரு நிறுவனம் மூடும் நாளில் அதன் வண்டிகள் தெருவில்தான் இருக்கும். சர்வர் அணைந்தால் அவை எங்கே என்றுகூடத் தெரியாது. ஒரு வண்டியை எடுத்து, பேட்டரியை முறையாக அப்புறப்படுத்த ஆகும் செலவை அனுமதித்த மொத்த எண்ணிக்கையால் பெருக்கி, அந்தத் தொகைக்கு வங்கி உத்தரவாதம் வாங்குங்கள். அது நிபந்தனையற்றதாக, நகரத்தின் ஒரு கடிதத்தில் பணமாகக் கூடியதாக இருக்க வேண்டும்.

தடையே செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் பாரிஸைக் காட்டுவார்கள். 2023 ஏப்ரல் 2 அன்று நடந்த வாக்கெடுப்பில் 89 சதவீதம் பேர் வாடகை ஸ்கூட்டர் வேண்டாம் என்றார்கள். வாக்களிக்க வந்தவர்கள் எட்டு சதவீதத்துக்கும் குறைவு. ஆகஸ்ட் இறுதியோடு மூன்று நிறுவனங்களும் வெளியேறின. 2024-ல் மெல்போர்னும் மாட்ரிடும் தம் அனுமதிகளை ரத்து செய்தன. தடை ஒரு நியாயமான தேர்வுதான். நடைபாதை ஏற்கெனவே நெருக்கமாக இருந்து, சாலையோர இடத்தை விட்டுத்தர நகரத்துக்கு மனமில்லை என்றால் அதுவே சரி. ஆனால் தடையால் போவது வாடகை வண்டி மட்டும். கடையில் வாங்கிய தனியார் ஸ்கூட்டர்கள் ஓடிக்கொண்டே இருக்கும்; அவற்றில் பெரும்பாலானவற்றில் நகரம் கேட்கும் வேகப் பூட்டும் இருக்காது, வண்டி எண்ணும் இருக்காது, தரவும் வராது. அவற்றுக்குக் காவல்துறையின் தெருச் சோதனையும் இறக்குமதித் தரக் கட்டுப்பாடும்தான் வழி. வாடகை வண்டியைத் தடுத்த கையோடு அதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அனுமதிப்பதாக முடிவெடுத்தால் காலக் கணக்கு இப்படி வரும்: துணைவிதிக்கும் டெண்டருக்கும் ஆறு மாதம், நிறுத்துமிடங்களுக்கு அதே ஆறு மாதத்திலேயே வேலை தொடங்க வேண்டும். முதல் நாள், அனுமதித்த மொத்த எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும். முப்பதாவது நாள் கள எண்ணிக்கையும் தரவும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் இன்னொரு பங்கு. அறுபதாவது நாள் மறித்த வண்டிகளில் பத்துக்கு ஒன்பது ஒரு மணி நேரத்துக்குள் அகற்றப்பட்டிருந்தால் மீதி. ஒத்துப்போகாத நிறுவனத்தின் பங்கை மற்ற நிறுவனத்துக்கு மாற்றும் உரிமை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். அபராதத்தைவிட இந்த ஒரு வரிக்குத்தான் அவர்கள் அதிகம் பயப்படுவார்கள்.